தறியை நிறுத்திய சொல்

1. மகள் பிறந்த மறுநாள், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நடை, பேச்சு எல்லாம் தாமதமாக வரும் என்றார்.

2. இரண்டரை வயதில் முதல் சொல்லைச் சொன்னாள். அது தெலுங்குச் சொல்.

3. வீட்டில் ஒரே மொழி பேசுங்கள் என்று அவளுடைய பேச்சுப் பயிற்சி மையத்தில் சொன்னார்கள். தமிழ் என்று முடிவு செய்தோம்.

4. மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்து, காதுக்குள் நீர் கோத்துக்கொண்டது.

5. அந்தச் சொல் நின்றுபோனது.

மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்து நடந்தன. என் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. ஒரு பாகத்தில் குறை வந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்போம். இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நடந்துவிட்டால் எதனால் குறை வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வேலையில் அப்படி நடந்தால் அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம். குழந்தையிடம் அதைச் செய்ய வழியில்லை.

என் கணவர் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலேயே பட்டு நெய்கிறார். அவருடையது தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பம். என் பிறந்த வீட்டில் தமிழ்தான். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதும் தமிழில். காலையில் நான் கம்பெனி பஸ் ஏறிவிட்டால் மாலைவரை மகள் அவரோடுதான். தறிக்குழிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்து அவளை உட்கார வைத்துக்கொள்வார். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் வாயும் ஓயாது. என்ன நிறம் போடுகிறார், யார் தெருவில் போகிறார்கள், பூனை எங்கே தூங்குகிறது, எல்லாவற்றையும் தெலுங்கில் அவளிடம் சொல்லிக்கொண்டே நெய்வார். சில நேரம் அது பாட்டாகவும் மாறிவிடும்.

அப்போது ஒரு விளையாட்டு உண்டானது. நூல் அறுந்தால் அவர் தனக்குத்தானே "ஆகு" என்று சொல்லிவிட்டு மிதியிலிருந்து காலை எடுப்பார். நில் என்பதற்குத் தெலுங்கில் அதுதான் சொல். ஒருநாள் நூல் அறுபடாமலேயே அவள் கையைத் தூக்கி, "ஆ...உ" என்றாள். அவர் நிறுத்தினார். வீடு சட்டென்று அமைதியானது. அவள் சிரித்தாள். அவர் மறுபடி நெய்தார், அவள் மறுபடி நிறுத்தினாள். அன்று நெசவு அரை முழம்கூட ஏறவில்லை என்று மாலையில் சொன்னார், பெருமையோடு. சோற்றுக்குப் "புவ்வா" என்றும் சொல்லத் தொடங்கினாள். ஆனால் "ஆ...உ" போல வேறெதுவும் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பெரிய மரச் சட்டகமே கட்டுப்படுகிறது என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

பயிற்சி மையத்தில் இதைச் சந்தோஷமாகச் சொன்னேன். அங்கிருந்த பயிற்சியாளர் அன்பானவர்தான். மகளின் உதட்டையும் நாக்கையும் பழக்க எங்களுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் தெலுங்கு என்றதும் யோசித்தார்.

"நல்லாப் பேசற கொழந்தைங்களுக்கே ரெண்டு பாஷைன்னா குழப்பம்மா. இவளுக்கு எதுக்கு அந்த சுமை? ஸ்கூல்ல தமிழ்தான. அதையே பேசுங்க."

எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. என் கணவர் என்னைவிடச் சீக்கிரம் ஒப்புக்கொண்டார். தன் மொழியால் அவளுக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்ற பயம். வீடு திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே தமிழில் பேசத் தொடங்கிவிட்டார்.

தறிப் பக்கம் "ஆகு" என்பது "நில்லு" ஆனது. மகளுக்கு அது வரவில்லை. நாக்கை மேலே தூக்கவே பாடுபடுகிற குழந்தை. பழையபடி கையைத் தூக்கி "ஆ...உ" என்பாள். அவர் நெய்துகொண்டே, "நில்லு சொல்லுமா, நில்லு" என்பார். தறி ஓடிக்கொண்டே இருக்கும். விடுமுறை நாளில் நானே பார்த்தேன். அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னாள். பிறகு எழுந்து வந்து அடுக்களையில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் மழையும் சளியும் வந்துவிட்டன. கூப்பிட்டால் திரும்புவது குறைந்தது. "புவ்வா"வும் போனது. பசித்தால் தட்டை இழுத்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு காலை என்னை வழிமறித்தார். "இன்னாமா, உன் வீட்டுக்காரரு பாட்டையே காணோம்? சண்டையா?" விஷயத்தைச் சொன்னேன். "அடப்பாவமே. எங்க வூட்டு ஆளு வாய மூட எந்த டாக்டரும் சொல்ல மாட்டேங்கறாரே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. அவர் மொழியை மட்டும் மாற்றவில்லை, பேச்சையே குறைத்துவிட்டார். அன்று மாலை கேட்டேன். நாடாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தமிழ்ல பேசிக்கினுதான் இருக்கேன். வியாபாரம் பேசறேன், உங்கிட்ட பேசறேன். ஆனா கொழந்தையக் கொஞ்சறதுக்கு வாய் வரலமா. எங்க அம்மா எப்டிக் கொஞ்சுச்சோ அப்டிதான் எனக்குத் தெரியும்."

காதுக்காகச் சென்னைக்குப் போனோம். இவளைப் போன்ற குழந்தைகளுக்குக் காதுக் குழாய் குறுகலாக இருப்பதால் நீர் எளிதில் தேங்கும் என்றார்கள். அங்கே பேச்சுப் பயிற்சி தரும் இளம்பெண் ஒருத்தி, அப்பா வீட்டில் என்ன மொழி பேசுவார் என்று கேட்டாள். முன்பு தெலுங்கு, இப்போது நிறுத்திவிட்டோம் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குழந்தைகளின் பேச்சு கெடுவதில்லை, கேட்கிற பேச்சு குறைவதுதான் கெடுதல் என்று பொறுமையாக விளக்கினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எது வாய்க்கு வருதோ அதுலயே பேசுங்க சார்."

அவர் தலையாட்டினார். ஊர் திரும்பும்வரை பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மகள் அவர் மடியில் தூங்கினாள்.

மறுநாள் தறியில் உட்கார்ந்ததும், "ரா, நா தல்லி" என்று கூப்பிட்டார். வா, என் தாயே என்று அர்த்தம். அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் கூப்பிட்டார். பாயை விரித்தே வைத்திருந்தார்.

காது சரியாகி வந்த பிறகு ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். அவர் கொஞ்ச நேரம் நெய்துவிட்டு, "ஆகு" என்று சொல்லி நிறுத்திக் காட்டினார். அவள் அவர் வாயைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நானும் யாரையும் சொல்லவில்லை. காதா, மொழியா என்று இரவில் கணக்குப் போடுவதையும் விட்டுவிட்டேன். விடை கிடைத்தாலும் அதை வைத்து இனி மாற்ற எதுவும் இல்லை.

இப்போதைய நிலை இது. மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. அம்மா, பூ, போ என்ற சொற்கள் தெளிவாக வருகின்றன. தண்ணீருக்கும் சோற்றுக்கும் ஜாடை காட்டுகிறாள். காதில் இப்போது நீர் இல்லை. அவர் தெலுங்கில் பேசுகிறார், முன்பளவு இல்லை. அவள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்குகிறாள். அவர் உடனே நிறுத்துகிறார். அந்தச் சொல் இன்னும் திரும்பி வரவில்லை.