அக்காவுக்கும் கட்டணம்

முன்னறையில் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. பல்செட் செய்வதால் ஊரார் அவளைப் பல்லக்கா என்பார்கள். உள்ளே பல்செட் ஒன்றை ராவிக்கொண்டிருந்த பல்லக்கா நிமிரவில்லை. எவனோ விளம்பரக்காரன் காசு கட்டியே நுழைந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

பல் டாக்டர்கள் அவளுக்கு மெயிலில்தான் ஆர்டர் அனுப்புவார்கள். விளம்பரக் குப்பையில் ஒரு ஆர்டர் புதைந்துபோய், பாவம் ஒரு பெரியவர் பல்செட் இல்லாமல் வாரம் முழுக்கப் பாலும் ரொட்டியுமாக ஓட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் புருஷன் அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார். தெரியாதவர்கள் எழுதினால் ஒரு டீக்காசு கட்ட வேண்டும். வேண்டியவர் என்று அவள் அமுக்கினால் காசு திரும்பிவிடும். குப்பை பெருமளவு குறைந்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் அவள் அக்கா! அம்மா வீட்டை விற்ற சண்டையில் நாலு வருஷமாக முகம் பார்க்காதவள். கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

“உங்கூட பேச டிக்கெட் எடுக்கணுமாமே?”

“என்னக்கா சொல்ற?”

“வெட்கத்தை விட்டு மெயில் போட்டா, ‘கட்டணம் செலுத்தினால் படிப்பேன்’னு உன் பேர்ல பதில் வருது. கூடப்பிறந்தவளுக்கு டோல்கேட்டா?”

“அது மெஷின்க்கா...”

“மெஷினுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?”

வேண்டியவர்கள் யார் யார் என்று மெஷினுக்குச் சொன்னது பல்லக்காவேதான். டாக்டர்கள், மெழுகுக் கடை, பிளாஸ்டர் கடை. அக்காவைச் சொல்லவில்லை.

கைக்குட்டை விலகியது. முன்பற்கள் நாலும் இல்லை.

“பாத்ரூம்ல வழுக்கிட்டேன். அடுத்த வாரம் பொண்ணு கல்யாணம். வேற எவன் முன்னாடியும் இந்த வாயைத் திறக்க மாட்டேன். உன்னால முடியாதுன்னா சொல்லு, இப்படியே போறேன்.”

பல்லக்கா அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். பல் அச்செடுக்கும் பசையைக் குழைத்து, தட்டில் பரப்பி, வாய்க்குள் அழுத்திப் பிடித்தாள்.

“இறுகற வரைக்கும் பேசாத.”

பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவள் தடையில்லாமல் பேசியது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

“தினமும் மெயில் திறந்தா உன் பேரைத்தான் தேடுவேன். தேடித் தேடி அலுத்துப்போச்சு. இனிமே நீ எழுதவே மாட்டேன்னு நானே முடிவு கட்டிட்டேன்க்கா. அதான் அந்த லிஸ்ட்ல உன்னை விட்டுட்டேன்.”

அக்காவால் “ம்ம்” என்று மட்டுமே சொல்ல முடிந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்து பசையோடு கலக்கப் பார்த்தது. தங்கை புறங்கையால் துடைத்துவிட்டாள்.

வாய் கொப்பளித்ததும் அக்கா பழைய அக்கா ஆனாள்.

“கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து சேரு. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. டோல்கேட் வச்ச மகராசனை நாலு கேள்வி கேக்கணும்.”

கைக்குட்டையை மறுபடி வாயில் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை தங்கை பார்த்து நின்றாள். அச்சு சுருங்குவதற்குள் பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். கதவைச் சாத்தினாள்.