நீல விளக்கு வைத்த ரேடியோ

என் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வேன். இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்குக் கண் பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மயிலாப்பூரில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அவரால் படி இறங்கி மாதா கோயிலுக்குப் போக முடிவதில்லை. பங்குக் கோயிலில் கேமரா வைத்து நாள் முழுவதும் இணையத்தில் ஓட விடுகிறார்கள். "போன்ல போட்டுக் குடுத்தா ஆச்சு, இதுக்கு ஏன் இவ்ளோ கவலை?" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? போட்டுக் கொடுத்துப் பார்த்தவள் நான்தானே.

பூசையால் தொல்லை இல்லை. பிரசங்கம்தான். எங்கள் சாமியார் வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டார். பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து போய் வாசல் மரத்தடியில் நிற்பது எங்கள் பங்கில் பாதி ஆண்களுக்கு வழக்கம். அப்பா அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரத்துக்கு, யாரும் கூப்பிடாமலே, சரியாக உள்ளே வந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு போன் என்பது வெறும் கண்ணாடித் தகடு. எங்கே தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. "பாப்பா, கொஞ்சம் நிறுத்தும்மா" என்று கூப்பிடுவார். நான் பள்ளியிலிருந்து வரத் தாமதமானால் கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் கூட யாரிடமும் கேட்டு வாங்காத மனிதர், ஒரு பிரசங்கத்திலிருந்து தப்பிக்க மகளைக் கெஞ்ச வேண்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரிடம் ஒரு பழைய வால்வ் ரேடியோ இருந்தது. போட்டதும் பேசாது, உள்ளே சூடேறி, உறுமி, பிறகுதான் பேசும். ஆனால் அதன் குமிழ்கள் எல்லாம் அவர் விரல்களுக்கு அத்துப்படி. போனுக்குள் இருக்கும் பூசையை அந்த ரேடியோவுக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. நான் பள்ளியில் இயற்பியல் டீச்சர். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நின்று அலைகளைப் பற்றிக் கத்துகிறவள், வீட்டுக்குள் ஓர் அலையை உண்டாக்க மாட்டேனா?

பழைய சாமான் கடையில் இன்னொரு வால்வ் ரேடியோ வாங்கினேன். பார்க்கச் சகிக்காது, ஒரு பக்கம் கரையான் தின்றிருந்தது. ரேடியோவுக்குள் ஒரு வால்வ் தானும் ஓர் அலையை உண்டாக்கிக்கொண்டுதான் மற்ற நிலையங்களைப் பிடிக்கும். அந்த அலை வழக்கமாகப் பெட்டியை விட்டு வெளியே வராது. அதை வெளியே வரச் செய்து, அதன் மேல் போனின் சத்தத்தை ஏற்ற வேண்டும், வேலை அவ்வளவுதான். சொல்வது சுலபம். ஒரு முறை நன்றாக ஷாக் அடித்து முழங்கை வரை விறைத்துப் போயிற்று. கடைசியில் ஒரு துண்டு வயரை ஏரியலாகக் கட்டி, பழைய போன் ஒன்றைச் சார்ஜரோடு சேர்த்து அதில் மாட்டி, என் அறை மேசையில் வைத்தேன்.

அப்பா கூடத்தில் குமிழைத் திருப்பிக்கொண்டே போனார். திடீரென்று கோயில் வந்தது. பூசை நேரம் இல்லை. யாரோ தரை கூட்டினார்கள், புறாக்கள் சிறகடித்தன. "கதவைத் திறந்து வச்சிருக்காங்க, பஸ் சத்தம் உள்ள வருது" என்றார். அன்றிலிருந்து அவரே போட்டுக்கொண்டார். பிரசங்கம் வந்தால் டக்கென்று குறைப்பார், மனதுக்குள் கணக்குப் போட்டு மறுபடி கூட்டுவார். ஒரு நாளும் தவறியதில்லை.

கீழே ஜன்னலுக்கு நேராக இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் மட்டும் என்னை மடக்கினார். "இன்னா மேடம், நம்ம ரேடியோல உங்க மாதா கோயில் மணி அடிச்சிக்கினு கீது? பாட்டு வைக்கலாம்னு திருப்புனா அல்லேலூயா வருது!" என் பெட்டியின் அலை கொஞ்சம் வெளியே கசிந்துவிட்டது என்று விளக்கினேன். "பரவால்ல, இருக்கட்டும். நம்மளும் கேட்டுக்கினு போறோம்" என்று சிரித்தார்.

பிறகு அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் அடையாறில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் கூடவே இருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள பெங்களூரிலிருந்து அண்ணன் வந்தான். ரேடியோ ஏற்பாட்டை அவனுக்கு போனில் பல தடவை சொல்லியிருக்கிறேன். "ம், சூப்பர்" என்பான். ஒன்றையும் காதில் வாங்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. "என் மேசை மேல வயர் தொங்குற பெட்டியை மட்டும் தொடாதே" என்றேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டான்.

ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பினோம். கூடத்தில் அப்பாவின் ரேடியோ பளபளவென்று நின்றது. தி.நகரில் ஒரு கடையில் கொடுத்து, பாலிஷ் போட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருக்கிறான். முள் நகரும் இடத்தில் நீல விளக்கு. கண் தெரியாதவருக்கு விளக்கு!

"வால்வெல்லாம் எங்கே?"

"அந்தக் குப்பையா? கடைக்காரரே எடுத்துக்கிட்டார். நீ தொடாதேன்னு சொன்னதை நான் தொடவே இல்லையே!"

அவனை ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும். அப்பா தடவிப் பார்த்து, "பாலிஷ் நல்லா இருக்குப்பா" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. நான் என் அறைக்குப் போய் வயர் தொங்கும் அந்தப் பெட்டியை ஓடவிட்டேன், யாருக்காக என்று தெரியாமலே.

அண்ணன் தன் போனில் மாலைப் பூசையை வைத்தான். சத்தம் துல்லியமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். கீழே இஸ்திரி வண்டியிலிருந்தும் அதே பூசை ஒரு சொல் பிந்தி ஏறி வந்தது. பிரசங்கம் தொடங்கியது. அப்பாவின் கை தானாகக் குமிழுக்குப் போனது. திருப்பினார். அசையவில்லை. அழுத்தித் திருப்பினார். குமிழ் கையோடு வந்துவிட்டது.

"அது சும்மா ஷோவுக்கு ஒட்டினதுப்பா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நானே போன்ல குறைச்சிடறேன்."

அப்பா குமிழை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். சாமியார் பேசிக்கொண்டே இருந்தார். அப்போது கீழே இஸ்திரி வண்டியிலிருந்து வந்த பிரசங்கம் மட்டும் டக்கென்று நின்றது.

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பாரு, அவன் நிறுத்திட்டான்" என்றார்.