மேல்பக்கத்துப் புள்ளி

நாசர் பாய் யாரையும் லேசில் நம்ப மாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிதம்பரத்தில் புவனகிரி ரோட்டில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிற மனிதர், வருகிற ஆளையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

கடை திறந்த வருஷம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்தார். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, மருந்து என்றார். நாசர் எடுத்துக் கொடுத்தார். அந்த மருந்து மல்லாட்டைக்குப் போய்ச் சேரவில்லை என்பது மறுநாள் பேப்பரில் அவர் சாவுச் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஆளை ஆராயாமல் அவர் பாட்டிலைத் தொடுவதில்லை. என்ன பயிர், எந்தப் பக்கம் நிலம், வீட்டில் யார் யார் என்று போலீஸ்காரர் மாதிரி நோண்டுவார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே, "சாப்டாச்சா?" என்பார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவன் வயிறு காய்ந்துதான் வருவான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்தக் கேள்விக்கு முகம் ஒரு மாதிரி ஆனால் பாட்டில் அலமாரிக்குத் திரும்பிவிடும். ஆளை எதிர்த்த ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுவார்.

சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிற கரும்புக்காரர்கள், பாய் கடையில் மருந்து வாங்குவதென்றால் வீட்டிலேயே நன்றாகத் தின்றுவிட்டு வரவேண்டும் என்று அவர் காதுபடவே சொல்வார்கள். பாய் சிரிக்க மாட்டார். சொன்னவரை இன்னொரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார்.

அவருக்கு இன்னொரு பேரும் உண்டு. இலை பார்ப்பதில் கெட்டிக்காரர். போனில் படம் அனுப்பினால் திறக்கவே மாட்டார். படத்தில் வாசனை வருமா என்று கேட்பார். அதனால் சனங்கள் செடியை வேரோடு பிடுங்கி, மண் உதிர உதிர மேஜைமேல் போடுவார்கள். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு அவர் குனிந்துவிட்டால், கடைக்குள் யானை நுழைந்தாலும் நிமிர மாட்டார்.

அப்படிப்பட்டவரிடம்தான் கடலூரிலிருந்து ஜமாலுதீன் ஒரு இலையைக் கொண்டுவந்தான். ஜமாலுதீன் அவர் மனைவி ஆரிபாவின் தம்பி. துபாயில் கம்பெனி ஆள்குறைப்புச் செய்தபோது திரும்பி வந்தவன். வேலை போன சூட்டோடு, பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்தான். என்ன செய்கிறான் என்று கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பான்.

அவன் கொண்டுவந்தது முழு இலைகூட இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, பாலிதீன் கவருக்குள். மாடி ரூமில் லைட் போட்டு ஏதோ வெளிநாட்டுப் பூச்செடி வளர்க்கிறானாம். செடியெல்லாம் இன்னும் சின்னக் கன்றுதானாம். இலையில் புள்ளி விழுகிறதாம்.

நாசருக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. செடிக்கு வைத்தியம் கேட்டு வருகிறவன் செடியைக் கொண்டுவருவான். இப்படி ஒரு துண்டை மட்டும் கிள்ளி எடுத்து வருகிறவன், மீதி இலையின் உருவத்தை மறைக்கிறான். ஓரமோ ரம்பப் பல் மாதிரி இருந்தது. கசக்கி மோந்தார். பஸ் ஸ்டாண்டு ஓரங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போகிற எல்லோருக்கும் தெரிந்த நாற்றம்தான். கஞ்சா.

வேறு யாராக இருந்தாலும் கையோடு வெளியே அனுப்பியிருப்பார். மச்சினனாகப் போய்விட்டான். வாயை மூடிக்கொண்டு லென்ஸை எடுத்தார். எடுத்தது தப்பு. எடுத்துவிட்டால் அந்த மனிதருக்கு இலையைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் கிடையாது.

பூஞ்சை என்றால் வளையம் வளையமாகப் பரவும், சுற்றிலும் மஞ்சள் கட்டும். இதில் வளையம் இல்லை. இலைப்பேன், செதில்பூச்சி என்றால் இலைக்கு அடியில் ஊசி குத்தின மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. சத்துக்குறை என்றால் நரம்புக்கு நடுவில் வெளுக்கும், உரம் ஜாஸ்தியானால் நுனி கருகும். அதுவும் இல்லை. நடுவில் வெள்ளை படிந்து, ஓரம் பழுப்பாகத் தீய்ந்து, சொட்டுச் சொட்டாக மேல்பக்கத்தில் மட்டும் விழுந்த புள்ளி. நோய் இல்லை இது. எதையோ மேலேயிருந்து தெளித்திருக்கிறார்கள். லைட் சூட்டில் அது காய்ந்து இலையைச் சுட்டிருக்கிறது. மறுபடி மோந்தார். கஞ்சா நாற்றத்துக்கு அடியில் லேசான புளிப்பு ஒன்று இருந்தது. தெரிந்த வாசனைதான், ஆனால் எது என்று பிடிபடவில்லை.

என்ன தெளிச்சே என்று கேட்டார். ஜமாலுதீன் தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவதாகச் சொன்னான். பொய் சொல்கிறான் என்று நாசர் நினைத்துக்கொண்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அடுப்படியிலிருந்த ஆரிபா, கொல்லையிலிருந்து கொஞ்சம் கறிவேப்பிலை பறித்து வரச்சொன்னாள். போய்க் கையை நீட்டினவர் அப்படியே நின்றுவிட்டார். கறிவேப்பிலையில் புள்ளி. நடுவில் வெள்ளை, ஓரத்தில் பழுப்பு, மேல்பக்கத்தில் மட்டும். சட்டைப் பையிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

புளித்த மோரை எல்லோரும் கறிவேப்பிலைக்கு வேரில்தான் ஊற்றுவார்கள். ஆரிபா மட்டும் அதில் பெருங்காயமும் அரைத்த கருஞ்சீரகமும் கலந்து, பிஸ்மி சொல்லி, கையால் இலைமேல் தெளிப்பாள். பரங்கிப்பேட்டையில் அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். இலை சுட்டுப்போகும் என்று நாசர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவர் பேச்சு வீட்டில் எடுபடவில்லை.

ஆக, அந்தக் கஞ்சாச் செடிக்கு மோர் தெளித்தது தன் மனைவி.

அவள் பரிமாறினாள், அவர் அவள் கையையே பார்த்தார். செவ்வாய்க்கிழமை தவறாமல் கடலூர் போகிறாள். தம்பிக்கு ஆக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்கிறாள். போகும்போது ஒரு தூக்குவாளி. அதில் குழம்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். போன் வந்தால் கொல்லைப்பக்கம் போய்ப் பேசுகிறாள். பெருநாளுக்குப் புதுத் தோடு போட்டிருந்தாள், பழசை மாற்றினேன் என்றாள். இவ்வளவு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி ஒரே சாப்பாட்டு நேரத்தில் அவர் கட்டின கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது. ஒரு நாள் போலீஸ் அந்த மாடியில் ஏறும்போது இவளும் அங்கே நின்றுகொண்டிருந்தால்? அதைவிட, இவள் தன்னிடம் மறைத்தாளே என்பது நெஞ்சில் முள்ளாக நின்றது.

கேட்கவும் இல்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று நினைத்தார். கட்டின மனைவியையே திருடனைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க முடிவு செய்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் தூக்குவாளியோடு கிளம்பினாள். இவர் கடையைச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். கடலூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஓ.டி. போய்ச் சேர்ந்தார். வீட்டு வாசலில் ஜமாலுதீனின் பைக் இல்லை. மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். ஊர் மதிக்கிற மனிதர், செருப்பும் கையுமாக.

கதவு சும்மா சாத்தியிருந்தது. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. உள்ளே ஊதா வெளிச்சத்தில் வரிசையாகத் தொட்டிகள், சாண் உயரக் கன்றுகள். ஆரிபா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, குவளையிலிருந்து மோரை அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் திடுக்கிடவில்லை. குவளையைக் கீழே வைத்தாள்.

"இது என்னா செடின்னு தெரியுமா ஒனக்கு?" என்றார் நாசர்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா தெளிக்கிற?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பெருநாள் முடிஞ்சு ஒரு நாள் ஜமாலு ஒங்க கடைக்கு வந்து ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போனானே. எந்தப் பயிருக்குன்னு கேட்டீங்களா?"

நாசருக்கு நினைவு வந்தது. கடையில் அன்றைக்குக் கூட்டம். அவன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான். இன்ன மருந்து வேண்டும் என்றான். நம்ம பையன்தானே என்று கவரில் போட்டு நீட்டிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். அந்த அடுத்த ஆளிடம் நிலம் எங்கே, வீட்டில் யார், சாப்டாச்சா என்று வரிசையாகக் கேட்டதுகூட இப்போது நினைவு வந்தது.

"அவனுக்கு ஏதுங்க பயிரு?" என்றாள் ஆரிபா. "இது மாடி வூடு. ஒரு புடி மண்ணு கெடையாது அவனுக்கு."

நாசர் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார்.

அவள்தான் மீதியைச் சொன்னாள். மறு செவ்வாய் சமைக்க வந்தபோது தலையணைக்கு அடியில் அந்தப் பாட்டில் கடைக் கவரோடு இருந்தது. மூடி திறக்கவில்லை. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய், கடைக்கு ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் அதே அலமாரியில் வைத்துவிட்டாள். ஒரு பாட்டில் கூடியதை அவர் கவனிக்கவில்லை. தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை, அவனும் பாட்டில் எங்கே என்று கேட்கவில்லை. அப்போதெல்லாம் அவன் படுத்த பாயை விட்டு எழுந்திருக்க மாட்டானாம். யாரோ சிநேகிதன் இந்த விதையைக் கொடுத்திருக்கிறான். முளைத்த நாளிலிருந்து காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றுகிறான், லைட்டைச் சரி பார்க்கிறான், குளிக்கிறான். இது ஹராம் என்பதும் போலீஸ் வரும் என்பதும் அவளுக்கும் தெரியும். எழுந்திருக்கிறானே, அது போதும் என்று மோர் தெளித்திருக்கிறாள். அவன் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துத் தெளித்ததால் அவனுக்கே தெரியாது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்ககிட்ட சொன்னா செடியத்தான் பாப்பீங்க."

இலையோடு வந்து எதிரே நின்றவனை அன்றைக்கு அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பொய் சொல்கிறான் என்று நினைத்ததும் லென்ஸுக்குள் இருந்துகொண்டுதான். அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

இருந்தாலும் இந்தச் செடிகள் இங்கே இருக்கக் கூடாது. பக்கத்துத் தொட்டியில் கை வைத்தார்.

"எடுங்க, வேணாங்கல," என்றாள் ஆரிபா. "நாளைக்குக் காலையில அவன் எதுக்கு எந்திரிப்பான்னு யோசிச்சிட்டு எடுங்க."

கையை எடுத்துக்கொண்டார். கூட்டிக்கொண்டு போய்க் கடையில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தார். சுவர் முழுக்க அடுக்கியிருக்கிற பாட்டில்கள் கண்முன் வந்தன. வாயை மூடிக்கொண்டார். நம் வீட்டுக்கு வந்து நம்மோடு இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டராகப் பார்த்து நானே கூட்டிக்கொண்டு போகிறேன், செடியை அவனே பிடுங்கட்டும், நாம் பக்கத்தில் நிற்போம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆரிபா தலையாட்டினாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார்.

வாசலில் பைக் வந்து நின்றது. கையில் மீன் பையோடு ஜமாலுதீன் படியேறி வந்தான். திறந்த கதவில் மச்சானைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். தலையில் ஹெல்மெட்.

"அதக் கழட்டு," என்றார் நாசர்.

கழற்றினான். ஊரில் அத்தனை பேர் முகத்தையும் துருவிப் பார்த்த மனிதர், முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பல நாளாகச் சரியாகத் தூங்காத முகம். இத்தனை நாளாக இந்த முகத்தோடுதான் அவர் கடைக்கும் வீட்டுக்கும் வந்து போயிருக்கிறான். செடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"சாப்டியா, ஜமாலு?" என்றார்.

ஜமாலுதீன் மீன் பையைக் கீழே வைத்தான். அந்தக் கேள்வி எதற்கு என்று அவனுக்குத் தெரியும். கடையில் பக்கத்தில் நின்று, அவர் அதைக் கேட்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான்.

"இல்ல மச்சான்," என்றான். "பாட்டில் வாங்குன அன்னைக்கும் சாப்பிடல. நீங்க கேப்பீங்கன்னுதான் நின்னேன்."