தாரிங்கா குடிக்காத காப்பி

“அங்கயே நிறுத்து” என்று சொல்லிவிட்டுத் தாரிங்கா கைப்பையைக் கீழே வைக்கிறாள். சந்தையில் குடைமிளகாய் விற்கும் பெண் அப்போதுதான், எதிர்வீட்டுப் பிள்ளைகள், அழுகைச் சத்தம் என்று ஏதோ ஆரம்பித்திருக்கிறாள். “இதுவரைக்கும் சொன்னது வம்பு. இதுக்கு மேல சொன்னா புகார், நான் எழுதியே ஆகணும். எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க.” எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பெண் சொல்லிவிடுகிறாள். தாரிங்கா கடிகாரத்தைப் பார்த்து, மிளகாய்க்கு விலை எழுதிய அட்டையிலேயே மணியைக் குறித்துக்கொள்கிறாள். விலை அட்டையும் அவள் பைக்குள் போகிறது.

தெற்கு செர்பியாவில் எங்கள் சின்ன ஊரின் சமூகநல மையத்தில் அவள் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர். வயது ஐம்பத்திரண்டு. எந்தக் கால்சட்டை போட்டாலும் இரண்டு முட்டியும் வெளுத்திருக்கும். பிள்ளைகளிடம் பேசுவதென்றால் மண்டியிட்டுத்தான் பேசுவாள். பெரியவர்களிடம் அந்த மரியாதை எல்லாம் கிடையாது. நின்ற வாக்கில், வாசற்படியிலேயே பேச்சு. அவள் கார் தெருமுனையில் திரும்பினால், ஒரு தப்பும் செய்யாதவன்கூட சட்டையைச் சரிசெய்து கொள்வான்.

வருஷா வருஷம் பள்ளி திறந்த வாரத்தில் ஆசிரியர்களையும் டாக்டர்களையும் நர்சுகளையும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவாள். சட்டப் புத்தகம் முழுவதையும் மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவாள். “சந்தேகம் வந்தா அன்னிக்கே சொல்லுங்க. விசாரிக்கப் போகாதீங்க. சொல்லாம விட்டா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான், உங்க தலைமையாசிரியர் இல்ல.” பிறகு எல்லோரிடமும் கையெழுத்து. ஒருமுறை டாக்டர் ஒருவர், உறுதியாகத் தெரியாமல் ஒரு தகப்பன் மேல் எப்படிப் பழி போடுவது என்று மடக்கினார். “உறுதி பண்றது என் தலைவலி டாக்டர். சந்தேகப்படறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்” என்றாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஊர் அவளை மன்னிக்காதது ஒன்றே ஒன்று. காப்பி. எங்கள் பக்கம் வந்தவர் காப்பி வேண்டாம் என்றால், முகத்தில் அறைந்ததற்குச் சமம். தாரிங்காவோ முப்பது வருஷமாக வீடு வீடாக அறைந்துகொண்டு வருகிறாள். போகிற இடமெல்லாம் பையில் சொந்தக் காப்பியோடு ஒரு நசுங்கிய பிளாஸ்க். “ஒரு வீட்டுல காப்பி குடிச்சிட்டு, அந்த வீட்டைப் பத்திக் கை கூசாம எழுத எனக்கு வராது” என்பாள். எந்த வீட்டின் பேரில் எப்போது கோப்பு திறக்கும் என்று யார் கண்டார்கள்? ஆகவே எல்லா வீடும் தள்ளுபடி.

யாகோதா வீடு மட்டும் விதிவிலக்கு. பள்ளித் தோழி, பாலர் பள்ளியில் ஆசிரியை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இரண்டு கப், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான், அடியில் கசடோடு. விளிம்பு உடைந்த நீலக் கப் தாரிங்காவுடையது. அந்த மேஜையில் அவள் சட்டம் பேசமாட்டாள், யாரையும் “நிறுத்து” என்றும் சொல்லமாட்டாள்.

இந்த செப்டம்பரில் அதுதான் வினையாகிப் போனது. சனிக்கிழமை, யாகோதா வீட்டு முற்றத்தில் குளிர்காலத்துக்காக மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். யாகோதா அடுப்பில் புரட்ட, தாரிங்கா கரிந்த தோலை உரித்தாள். பேச்சு பேச்சாக இருக்கும்போதே யாகோதா குரலைத் தாழ்த்தி, தன் வகுப்புக் குழந்தை துன்யாவின் கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்ததைச் சொன்னாள். நாலு வயசு. திங்கட்கிழமை பார்த்தாளாம். துன்யாவின் அப்பா கோய்கோ யாகோதா வீட்டுக்குக் ‘கூம்’. அவன் கல்யாணத்தில் சாட்சி நின்றது யாகோதாவின் புருஷன். எங்கள் பக்கம் கூம் உறவுக்குப் பிறகுதான் கூடப்பிறந்தது. அதனால் யாகோதா அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய், மனசு விட்டு அவனையே கேட்டிருக்கிறாள். வண்டியிலிருந்து விழுந்துவிட்டாள் என்று சிரித்து, பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தானாம். இவளும் நம்பிவிட்டாள்.

“நேத்து இன்னொரு கையிலயும் இருந்துச்சுடி” என்றாள் யாகோதா.

தாரிங்காவின் கை மிளகாயில் அப்படியே நின்றது. ஊரில் எல்லோரையும் முதல் வார்த்தையில் மறிக்கிறவள், இவளைக் கடைசி வார்த்தை வரை பேசவிட்டுவிட்டாள். கேட்டாகிவிட்டது. இனி கேட்காதவளாக ஆக முடியாது. எழுந்து போய்க் கை கழுவினாள், கரி போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்று இருபது.

“எழுதப் போறியா?” என்றாள் யாகோதா. “உங்கிட்ட சொன்னாப் போதும்னு நெனச்சேன்.”

“சொன்னது போதும். நீ எழுதிக் கொடு. இன்னிக்கே.”

“அப்ப நேத்துதான் பார்த்தேன்னு எழுதறேன். திங்கக்கிழமைன்னு போட்டா என் வேலை போயிரும்டி.”

“அப்ப திங்கக்கிழமைய எங்க கொண்டுபோய் ஒளிக்கறது?”

யாகோதா பேனாவைத் தொடவில்லை. அடுப்பில் மிளகாய் தீய்ந்தது. கடைசியில் தாரிங்காவே எழுதினாள். திங்கள் என்றே எழுதினாள். தாளின் ஓரத்தில் கரி விரல் பதிந்தது. அது இன்றும் கோப்பில் இருக்கிறது.

வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம் என்றால், மையத்தில் இருப்பது இரண்டே பேர். இன்னொருவர் கோய்கோவின் சித்தப்பா மகன். எங்கள் ஊரில் உறவில்லாத அதிகாரி வேண்டுமென்றால் வானத்திலிருந்துதான் குதிக்க வேண்டும். மதியத்துக்குள் டாக்டரையும் போலீஸையும் கூட்டிக்கொண்டு தாரிங்காவே போனாள். துன்யாவின் முன்னால் முக்கால் மணிநேரம் மண்டியிட்டு ஒரு நாயைப் பற்றிப் பேசினாள். நாய்க் கதைக்கு நடுவே குழந்தை அப்பா செய்ததையும் சொல்லிவிட்டது. பொழுது சாய்வதற்குள் அது மேலத்தெருவில் பெரியம்மா வீட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்தது. கோய்கோ வாசலில் நின்று கத்தினான், யாகோதா வைத்த கொள்ளிதானே இது என்று. ஊர் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பாதியும் தாரிங்காவையே திட்டியது. அது அவளுக்குப் பழக்கம். யாகோதாவின் மேல் இருந்த கோபத்தைவிட, அந்த இரண்டாவது கையை நினைத்தபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமையே தெரிந்திருந்தால் ஒரு கை தப்பியிருக்கும்.

பாக்கி இருந்தது ஒரு வாக்குமூலம்: எப்போது பார்த்தாய், ஏன் சொல்லவில்லை. யாகோதா சொன்ன நேரம் அடுத்த சனிக்கிழமை பத்து மணி. தாரிங்கா போனாள். வாசற்படியில் நிற்கவில்லை, உள்ளே போய் மேஜையில் தாளை விரித்தாள். இரண்டு கப் காப்பி தயாராக இருந்தது, நீலக் கப் வழக்கமான இடத்தில்.

யாகோதா இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. “திங்கக்கிழமை பார்த்தேன். கூம் வீடாச்சேன்னு பயந்தேன். எழுதிக்க” என்றாள். பேனாவை வாங்கித் தானே கையெழுத்துப் போட்டாள். வேலை போகுமா, கண்டிப்போடு நிற்குமா என்று அடுத்த வாரம்தான் தெரியும். தாரிங்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“வேலை முடிஞ்சுதுல்ல?” என்றாள் யாகோதா. “ஆறிப்போச்சு. இப்பவாவது குடி.”

தாரிங்கா நீலக் கப்பை மேஜை ஓரத்துக்கு மெல்ல நகர்த்தினாள். பையிலிருந்து நசுங்கிய பிளாஸ்க்கை எடுத்து, மூடியைத் திருகி, அந்த மூடி நிறைய ஊற்றி, யாகோதாவின் பக்கம் தள்ளினாள்.