வாசலில் விட்ட செருப்பு

காய்ச்சல் முற்றி ஐ.சி.யூ.வில் கிடந்து வீடு திரும்பியதிலிருந்து என் வலது பாதம் மரத்துக் கிடக்கிறது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "உயிர் பொழச்சதே பெருசு."

திருப்போரூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். எல்லோரையும் போல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன். "நல்லாத்தானே நடக்கிறீங்க? எல்லாம் மனசுதாம்மா," என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானும் நம்பித் தொலைத்தேன்.

மறுவாரம் உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஓர் ஆட்டோக்காரர் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். அவர் கையில் என் செருப்பு.

"இன்னாக்கா, செருப்ப அங்கயே வுட்டுட்டு வந்துகினு கீற! தார் ரோடு, கால் சுடல?"

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. சுடவே இல்லை.

அவர் என்னை ஆட்டோவில் உட்காரவைத்து, தன் பாட்டில் தண்ணீரைப் பாதத்தில் ஊற்றினார். அடியில் கொப்புளம் கிளம்பியிருந்தது. அப்போதும் வலிக்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதுவா மனசு?

நாளை செங்கல்பட்டில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். நழுவாமலிருக்கப் பின்னால் வார் வைத்த புதுச் செருப்பு வாங்கி வந்திருக்கிறார் என் கணவர். "பரவால்லன்னு சொல்லு. இல்லன்னா டெஸ்டு மேல டெஸ்டு எழுதுவாரு," என்கிறார்.

புதுசு அப்புறம் போட்டுக்கொள்கிறேன். நாளைக்குப் பழசுதான். வாசலில் கழற்றச் சொன்னாலும் கழற்ற மாட்டேன். அது காலைவிட்டு நழுவுவதை அந்த டாக்டர் கண்ணால் பார்க்கட்டும்.

உயிர் பிழைத்தது பெரிசுதான். பிழைத்தவள் நடக்க வேண்டாமா?