விளக்கு வைச்சாப் பிறகு பில்

பில் எழுதிக் காசு கேட்கிற உத்தியோகம் பார்த்த ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: எழுதுறது கையாலை, கேட்கிறது முகத்தாலை. பகலிலை பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுப்போட்டு, பின்னேரத்திலை காங்கேசன்துறையிலை கூரை ஓடும் பலகையும் விற்கிற கடையொண்டிலை கிளாக்கராய் இருந்தன். சனி, ஞாயிறு கடையை விட்டு அசையேலாது. தங்கச்சியின்ரை கலியாணம் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் நிண்டுது. அதுக்குள்ளை முதலாளி ஒருநாள் சொன்னார்: "இந்தக் கிழமை அளவெட்டிக் கடன் காசு வராட்டி, உம்மை வைச்சிருக்கேலாது மாஸ்டர்."

அளவெட்டி அக்கா

சைக்கிள் உழக்கி அளவெட்டிக்குப் போய்ச் சேரேக்கை பொழுதுபட்டிட்டுது. வீட்டுக்குக் கடனாய் ஓடு வாங்கின அக்கா என்னைக் கண்டு ஒளிக்கேல்லை. தேத்தண்ணி தந்தா. காசு முடிச்சையும் எடுத்துக் காட்டினா. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. கையை நீட்டினன். அவ முடிச்சைத் திரும்ப இடுப்பிலை செருகினா.

"விளக்கு வைச்சிட்டன் தம்பி, இனி லச்சுமியை வெளியிலை விடேலாது. பகலிலை வாங்கோ."

லீவு போட்ட நாள்

பகலிலை நான் வகுப்பிலையெல்லோ நிக்கோணும்! ஆபத்துக்குப் பாவமில்லையெண்டு, காய்ச்சல் எண்டு தலைமை வாத்தியாருக்குச் சொல்லி லீவு எடுத்தன். வெயிலுக்கை உழக்கிப் போனால், அக்கா தலை தோய்ஞ்சு, வீடு மெழுகி, நல்ல முகத்தோடை நிக்கிறா. இருத்திச் சோறும் போட்டா. கத்தரிக்காய்க் குழம்பு நல்ல ருசி. கை கழுவிப்போட்டுப் பில்லை நீட்டினன். அவவுக்கு என்னிலை உண்மையாய் இரக்கம் வந்திட்டுது.

"வெள்ளிக்கிழமையிலை ஆரும் காசு குடுப்பினமோ தம்பி? படிப்பிக்கிற உங்களுக்கு உதுகூடத் தெரியாதோ?"

என்ரை கணக்கு

வெறுங்கையோடை கடைக்கு வந்தன். முதலாளி கத்தேல்லை, எனக்கு அதுதான் பயம். "நாளையிலையிருந்து வர வேண்டாம்" எண்டார். கண் கலங்கிப்போச்சு. தங்கச்சிக்கு என்ன சொல்லுறது? சம்பளப் பாக்கியையாவது தாங்கோ எண்டு கேட்டன். மனிசன் நேர்மையான ஆள், உடனை மேசை லாச்சியை இழுத்தார். அந்த நேரம் பார்த்து அவரின்ரை மனிசி வந்து சாமிப் படத்துக்கு விளக்குக் கொழுத்தினா. அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லாச்சியை மெல்ல மூடினார்.

"வெள்ளிக்கிழமை, விளக்கும் வைச்சாச்சு, இப்ப என்னெண்டு தாறது? நாளைக்குக் கடையை நான் பாக்கிறன், நீர் விடிய அளவெட்டிக்குப் போட்டு வாரும்."

லச்சுமியை வெளியிலை விடேலாமல் போனதாலை, என்னையும் அந்தக் கடை கனகாலம் வெளியிலை விடேல்லை.