காத்திருத்தல் பற்றி நான் பேசியது

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்பார்கள். மனசைச் சுத்தம் செய்துகொண்டு ஆண்டவருக்காகக் காத்திருக்க வேண்டிய காலம். எங்கள் தெருக் கிறிஸ்தவர்கள் நாங்களோ வீட்டைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, தையல்காரருக்காகக் காத்திருப்போம். நான் ஒருபடி மேல். கேக்குக்கு முந்திரி வாங்க மச்சானைப் பண்ருட்டிக்கு விரட்டியதையே என் தவக்கணக்கில் எழுதிக்கொண்டவன்.

2012-இல் சிதம்பரத்தில் குடியிருந்தோம். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வருஷம். திருவருகையின் மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் தெருக்காரர்களின் ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில். பேச வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, அது என் தலையில் விழுந்தது. தலைப்பு, காத்திருத்தல்.

"இந்த ஒரு தடவையாவது யாரையும் சிரிக்க வெக்காதீங்க" என்றாள் மனைவி. துக்க வீட்டில் நான் பைபிளைத் திறந்தாலே நாலு பேர் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பத்து நிமிஷமாவது ஒரு மனுஷனாகப் பேசிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கும் வெறி.

வழக்கம்போல் கரண்டு இல்லை. இருட்டில், வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று மெழுகுவத்திகள் எரிந்தன, ஊதா இரண்டு, ரோஸ் ஒன்று. கொசுவைக்கூடச் சத்தமில்லாமல் அடித்தார்கள். ஆண்டவரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காத்திருக்கும் கூட்டம் நாம் என்று வெளுத்து வாங்கினேன். எதிர்வீட்டு டீச்சர் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போது கரண்டு வந்தது. ஃபேன் சுற்றி மூன்று மெழுகுவத்தியையும் அணைத்தது. ஒருத்தரும் அசையவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நான்தான், அதே பிரசங்கக் குரலில், "மோட்டாரப் போடு, டேங்கு காலி" என்றேன்.

வீடே சிரித்தது. உத்தரவு கிடைத்த மாதிரி எல்லாரும் எழுந்தார்கள். "அரிசி ஊறிக்கிட்டுக் கெடக்கு, கிரைண்டரப் போட்டுட்டு வந்துடறேன்" என்று டீச்சர் செருப்பைத் தேடினார். மனைவி மோட்டார் சுவிட்சைப் போடப் போனாள்.

மிஞ்சியது மச்சான் மட்டும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்து பிளக்கில் செல்போனைச் சொருகிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

"நீங்க சொல்லுங்க மாமா. சார்ஜ் ஏர்ற வரைக்கும் கேக்கறேன்."

மிச்சத்தை அவனுக்குச் சொல்லி முடித்தேன். ஒரு தடவைகூட அவன் சிரிக்கவில்லை. செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.